ஃபிட்டர் போட்ட ஓட்டு

கல் ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்து சோபாவுக்கு அடியில் உருண்டது.

"டீ வரும்னு நினைச்சேன்," என்றான் ரேடியோ, மேஜைக்கு அடியிலிருந்து.

"தலையைத் தூக்காதே. அடுத்தது பிஸ்கட்டா இருக்கும்," என்றாள் அண்ணி.

அண்ணி துப்பறியும் நிலையம் நடத்துகிறவள். கணவர் ஆரம்பித்த நிலையம். அவர் போன பிறகு இவள் கைக்கு வந்தது. கூடவே ஒட்டிக்கொண்டு வந்தவன் கணவரின் தம்பி. வாய் ஓயாதவன் என்பதால் ஊரே அவனை ரேடியோ என்றது. அவன் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டதில் வாடிக்கையாளர், போலீஸ்காரர் என்று எல்லாருக்கும் அவள் அண்ணியாகவே ஆகிவிட்டாள்.

எதிரே நாற்காலியில் இருந்தவர் கல்லுக்கு அசையவே இல்லை. இவர்களைத் தம் வீட்டுக்கு வரவழைத்தவர் அவர்தான். சட்டசபை உறுப்பினர். பழைய பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து தேர்தலில் ஜெயித்தவர். பதவி வந்தும் பெயர் மாறவில்லை, ஃபிட்டர்தான். வெளியே கூச்சல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் அவருக்கு ஓட்டுப் போட்ட அதே ஆலைக் குடியிருப்பு ஜனங்கள்.

"நான் 'இல்லை'தான் அழுத்தினேன்," என்றார் ஃபிட்டர். "சத்தியமா அழுத்தினேன். யாருமே நம்ப மாட்டேங்கறாங்க."

விஷயம் இதுதான். மூடிப்போன ஆலையின் குடியிருப்புகளை இடித்து நிலத்தை மீட்கும் மசோதா நேற்று சபையில் ஓட்டெடுப்புக்கு வந்தது. அதை எதிர்த்து ஃபிட்டர் பேசாத தெருமுனை கிடையாது. "என் பிணத்து மேலதான் புல்டோசர் போகணும்" என்று போன வாரம்கூட மேடையில் முழங்கியிருந்தார். ஓட்டெடுப்பு முடிந்ததும் சுவரில் இருந்த பெரிய மின்பலகையில் அவர் பெயருக்கு நேராகப் பச்சை விளக்கு எரிந்தது. 'ஆம்.' மசோதா ஒரே ஓட்டில் ஜெயித்துவிட்டது.

"ஓட்டு தப்பா பதிவாயிருந்தா காரணத்தோட சபையில சொல்லலாம்," என்றார் ஃபிட்டர். " சபாநாயகர் ஒத்துக்கிட்டா எண்ணிக்கை மாறும். ஆனா இன்னிக்கு சபை கலையறதுக்குள்ள சொல்லணும். இன்னிக்குத்தான் கடைசிக் கூட்டம். அப்புறம் கையெழுத்து, சட்டம், புல்டோசர்."

"காரணம்னு யாரைச் சொல்றீங்க?" என்று கேட்டாள் அண்ணி.

"பக்கத்து சீட்டு. பாட்டுக்காரம்மா. அவங்கதான் என் பட்டனை அழுத்தியிருக்கணும். காலையில டிவிக்காரங்ககிட்டயே சொல்லிட்டேன்."

ரேடியோ மேஜைக்கு மேலே வந்து அன்றைய பத்திரிகையை விரித்தான். முதல் பக்கத்தில் ஒரு வருஷமாக ஃபிட்டர் பேசியதும் ஓட்டுப் போட்டதும் அருகருகே அச்சாகியிருந்தன. பஸ் கட்டண உயர்வைக் கண்டித்து உண்ணாவிரதம் இருந்தார், ஓட்டு, ஆதரவாக. சந்தை வரியைச் சாடினார், ஓட்டு, ஆதரவாக. அரசு மருத்துவமனைக்குக் கூடுதல் படுக்கை வேண்டும் என்று கதறினார், ஓட்டு, எதிராக. அவையெல்லாம் பெரிய வித்தியாசத்தில் முடிந்தவை. அதனால் இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை.

"அப்ப ஒரு வருஷமாவே அந்தம்மா உங்க மேஜையில ஆர்மோனியம் வாசிக்கிறாங்களா?" என்றான் ரேடியோ.

ஃபிட்டர் பதில் சொல்வதற்குள் பின்கதவு படாரென்று திறந்தது. அவருடைய அக்கா. குடியிருப்பில் இருப்பவள். இவரை வளர்த்தவள். தேர்தலில் இவருக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவள். அவள் யாரையும் பார்க்கவில்லை. வீட்டுச் சாவியை மேஜையில் வீசினாள்.

"எடுத்துக்கோ. எவனோ வந்து பூட்டறதுக்கு நீயே வந்து பூட்டிடு."

"அக்கா, நான் போடலைக்கா..."

"உன் மாமா அந்த ஆலையில வெந்து செத்தார்டா. அந்த வீடுதான் மிச்சம். அதையும் வித்துட்டே." அவள் குரல் உயரவில்லை. "இனிமே என்னை அக்கான்னு கூப்பிடாதே."

வந்த வழியே போய்விட்டாள். ஃபிட்டரின் கை மேஜையைத் தடவியது. சாவிக்குப் பக்கத்திலேயே தடவி, சாவியைத் தொடாமல் மடிக்குத் திரும்பியது. தொட மனசு வரவில்லை போலிருக்கிறது என்று ரேடியோ நினைத்தான். அண்ணி ஒன்றும் நினைத்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவர் மனைவி மட்டும் ஓடிவந்து சாவியை எடுத்து ஒளித்துவைத்தாள்.

பாட்டுக்காரம்மாவின் வீட்டு வாசற்கதவில் தார் பூசியிருந்தார்கள். இன்னும் காயவில்லை.

முன்பு மேடைகளில் பாடிப் புகழ்பெற்றவள். எந்தக் கட்சியிலும் சேராமல் நின்று ஜெயித்தவள். உள்ளே கூடத்தில் பெட்டிகள் கட்டிக்கொண்டிருந்தாள். "பேரப்பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல அடிச்சிருக்காங்க. தங்கச்சி வீட்டுக்கு அனுப்பறேன். நீங்க என்ன கேக்கணுமோ சீக்கிரம் கேளுங்க."

"அவர் பட்டனை அழுத்தினீங்களா?"

"எனக்கு எத்தனை கை?" அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். "மணி அடிக்கிறவரைக்கும் ஒரு கை மஞ்சள் விசையில இருக்கணும். இன்னொரு கை 'ஆம்'லயோ 'இல்லை'லயோ இருக்கணும். ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சாத்தான் ஓட்டு விழும். என் ஓட்டு விழுந்திருக்கு. 'இல்லை'ன்னு. அவருதையும் சேர்த்து அழுத்தணும்னா காலாலதான் அழுத்தணும். இந்த இடுப்புக்கு அது ஆகாது."

ரேடியோ அண்ணியைப் பார்த்தான். அந்த வழி அடைபட்டுவிட்டது.

"அப்ப யார் அழுத்தினாங்க?"

"அவரேதான். பக்கத்துலேருந்து பார்த்தேனே! ஆணி அடிக்கிற மாதிரி அழுத்தினார். பச்சை எரிஞ்சுது. எனக்கு வயிறு எரிஞ்சுது. 'என்னய்யா பண்ணிட்டீங்க'ன்னு கையைப் பிடிச்சு இழுத்தேன். மனுஷன் அந்தப் பெரிய போர்டை நிமிர்ந்து பார்த்துட்டு, சிரிச்சுக்கிட்டே என்னைக் கேக்கறார், 'ஜெயிச்சிட்டோமா?'ன்னு." அவள் பெட்டியை ஓங்கி மூடினாள். "இத்தனை குடும்பத்தைத் தெருவுல விட்டுட்டு நக்கல் வேற."

வெளியே வந்ததும் ரேடியோ காரைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணி, நம்ம ஆள் விலை போயிட்டார். பழியை அந்தம்மா தலையில கட்டிட்டார். அதுக்கு ரசீது போட நம்மளைக் கூப்பிட்டிருக்கார். திரும்பிடலாம்."

"வித்தவன் ஜெயிச்சிட்டோமான்னு கேப்பானா?"

"நக்கல்னு அந்தம்மாவே சொல்றாங்களே."

"நக்கல் பண்றவன் முகத்தைப் பார்த்துக் கேப்பான். இவர் போர்டைப் பார்த்துட்டுக் கேட்டிருக்கார்." அண்ணி கார்க் கண்ணாடியை ஏற்றினாள். "சபைக்கு விடு."

சபை பிற்பகலில்தான் கூடும். காலி நாற்காலிகளுக்கு நடுவே ஒரு மின்பணியாளர் மட்டும் விளக்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். அவைச் செயலரின் அனுமதிச் சீட்டைப் பார்த்ததும் இயந்திரத்தை இயக்கிக் காட்டினார். பழுது ஒன்றும் இல்லை. நேற்றும் இல்லை.

ஒவ்வொரு மேஜையிலும் இரண்டு பேர். மேஜையின் நடுவில் மைக். இருவருக்கும் தனித்தனி பட்டன் பலகை. ரேடியோ ஃபிட்டரின் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "கனம் உறுப்பினர் அவர்களே, கேன்டீன்ல காபி சரியில்லை" என்று உரை நிகழ்த்தினான்.

"இவர் எப்பவுமே இந்த சீட்டுதானா?" என்று அண்ணி கேட்டாள்.

"இல்லைங்க. போன வருஷம் இடம் மாத்தினாங்க. அதுக்கு முன்னாடி ரொம்ப நாள் பின்வரிசையில, மேஜைக்கு வலது பக்கம். இப்ப இடது பக்கம்."

அண்ணி பாட்டுக்காரம்மாவின் இடத்தில், வலது பக்கத்தில் உட்கார்ந்தாள். பட்டன்களைத் தடவினாள். திரும்பத் திரும்பத் தடவினாள். பிறகு எழுந்து ரேடியோவை நகர்த்திவிட்டு இடது பக்கம் உட்கார்ந்தாள். கண்களை மூடினாள்.

"நான் 'இல்லை'ன்னு ஓட்டுப் போடறேன். என்ன எரியுதுன்னு சொல்லு."

விரல்கள் தாமாகவே பழைய இடத்துக்குப் போய் அழுத்தின.

"அண்ணி... பச்சை எரியுது. நீங்களும் கட்சி மாறிட்டீங்களா?"

"மேஜை ஒண்ணு, ஆள் ரெண்டுங்க," என்றார் பணியாளர். "நடுவுல மைக் வயர் போகுது. அதனால இந்தப் பக்கத்துப் பலகையை அந்தப் பக்கத்துக்கு நேர் எதிரா திருப்பி வச்சிருக்கு. பட்டன் மேலதான் பெருசா எழுதியிருக்கே, பச்சை சிவப்புன்னு நிறமும் இருக்கு. இதுவரைக்கும் யாரும் குழம்பினதில்லை."

அண்ணி கண்ணைத் திறந்தாள். "ரேடியோ, உன் பர்ஸ்ல போட்டோ ஏதாவது வச்சிருக்கியா?"

ஃபிட்டரின் வீட்டுக்கு இப்போது போலீஸ் காவல் வந்திருந்தது. அவர் அதே நாற்காலியில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். அருகில் மனைவி.

"ஆதாரம் கிடைச்சிடுச்சுண்ணே," என்றாள் அண்ணி. அவர் கையில் ஒரு புகைப்படத்தைக் கொடுத்தாள். "பார்வையாளர் மாடத்துலேருந்து யாரோ எடுத்திருக்காங்க. பாட்டுக்காரம்மா கை உங்க பட்டன் மேல இருக்கறது தெளிவா தெரியுது, பாருங்க."

மனைவி எட்டிப் பார்த்தாள். அவள் வாய் திறந்தது. அண்ணி அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள். வேண்டாம்.

ஃபிட்டர் படத்தை முகத்துக்கு நேரே பிடித்தார். அவர் கண்களில் நீர் நிறைந்தது.

"பார்த்தீங்களா? நான் சொன்னேன்ல! இதோ, அவங்க கைதான்! இதைச் சபாநாயகர்கிட்ட காட்டினா போதும். என் அக்காகிட்ட காட்டணும்..."

அவர் முகத்தை அங்கும் இங்கும் திருப்பினார்.

"என்ன, எல்லாரும் சும்மா இருக்கீங்க?"

"அண்ணே," என்றான் ரேடியோ. அவனுக்கே தன் குரல் பிடிக்கவில்லை. "அது நான். ஒட்டகத்து மேல உட்கார்ந்திருக்கேன்."

படம் கீழே விழுந்தது. மனைவி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"ரெண்டு வருஷமா," என்றாள் அவள். "கண் நரம்பு காஞ்சுபோச்சு, பார்வை இனிமே திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். பேச்செல்லாம் நான் படிச்சுக் காட்டுவேன், அவர் மனப்பாடம் பண்ணுவார். வெளியில தெரிஞ்சா அடுத்த தடவை சீட்டு இல்லைன்னு யாருக்கும் சொல்லலை. அவங்க அக்காவுக்குக்கூட."

"நிழல் தெரியும்," என்றார் ஃபிட்டர் கோபமாக. "ஆள் அசைஞ்சா தெரியும். இருட்டுக்குள்ள போல்ட் முடுக்கினவன் நான். ரெண்டு பட்டன் எனக்குத் தெரியாதா? வலது கைக்குப் பக்கத்துல இருக்கறது 'இல்லை'."

"பழைய சீட்டுல," என்றாள் அண்ணி. "இப்ப உட்கார்ற சீட்டுல பலகை திரும்பி இருக்குண்ணே. அது 'ஆம்'."

அவர் வலது கையைத் தூக்கினார். காற்றில் எதையோ அழுத்துவதுபோல் விரல் வளைந்தது. அப்படியே நின்றுவிட்டது.

"அப்ப அது நானா?"

"ஆமாண்ணே."

"பஸ் கட்டணம்?"

"நீங்கதான்."

"ஆஸ்பத்திரிப் படுக்கை? அதுக்காக நான் தொண்டை கிழியக் கத்தினேனே."

அண்ணி தலையசைத்தாள். பிறகுதான், தலையசைப்பு அவருக்குப் போய்ச் சேராது என்று உறைத்து, "ஆமா," என்றாள்.

அவர் தூக்கிய கையை மெல்ல இறக்கினார்.

"ஆலையில பாய்லர் வெடிச்சதே. விசாரணை வேணும்னு தீர்மானம். அது நானே கொண்டுவந்தது. எங்க மாமாவுக்காக. நாங்க கொஞ்சம் பேர்தான் ஆதரிச்சோம், தோத்துப்போச்சு. அதுல நான்..."

ரேடியோ பத்திரிகையைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான். படிக்கச் சொல்லி அவள் கண் காட்டவில்லை. படிக்க வேண்டாம் என்றும் காட்டவில்லை.

"எதிர்த்திருக்கீங்கண்ணே," என்றான்.

ஃபிட்டர் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்தார். பெரிய உடம்பு. குலுங்கியது, சத்தம் வரவில்லை. வெளியே அவர் பெயரைச் சொல்லி ஒழிக ஒழிக என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

கட்சி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. மனைவி எடுத்துக் கேட்டாள். இயந்திரக் கோளாறு என்று சொல்லட்டும், கண்ணைப் பற்றி ஏதோ வதந்தி காதில் விழுகிறது, அதைப் பற்றி மூச்சு விடக் கூடாது, விட்டால் இன்றோடு சரி என்றார்களாம்.

"இயந்திரம் நல்லா இருக்குன்னு அந்தப் பணியாளரே சாட்சி சொல்வார்," என்றாள் அண்ணி. "பாட்டுக்காரம்மாவுக்கு ரெண்டு கைதான். உண்மையைத் தவிர உங்ககிட்ட வேற காரணம் இல்லைண்ணே. அதையும் நடிப்புன்னுதான் சொல்வாங்க. சொல்றதும் விடறதும் உங்க இஷ்டம். நான் வற்புறுத்த மாட்டேன்."

"சொன்னா நான் முடிஞ்சேன்."

"ஆமா."

"சொல்லலைன்னா அவங்க முடிஞ்சாங்க."

அவர் தரையில் கையூன்றி எழ முயன்றார். ரேடியோ ஓடிப்போய்ப் பிடித்தான்.

பார்வையாளர் மாடத்தில் முன்வரிசையில் அண்ணியும் ரேடியோவும் ஃபிட்டரின் மனைவியும். கீழே ஃபிட்டர் எழுந்து நின்றதும் ஊளை கிளம்பியது. சபாநாயகர் மணியடித்து அடக்கினார்.

"என் ஓட்டைத் திருத்தணும்," என்றார் ஃபிட்டர். "யாரும் என் பட்டனைத் தொடலை. நான்தான் தப்பா அழுத்தினேன். எனக்குக் கண்ணு தெரியாது."

சபை நிமிர்ந்து பார்த்தது. பிறகு சிரிப்பு. "நாளைக்குக் காது கேக்காதும்பார்!" "அருமையான நடிப்பு!" யாரோ ஒரு காகிதத்தை உருட்டி எறிந்தார்கள். அது அவர் கன்னத்தில் பட்டது. வருவதைப் பார்க்காத முகம், பட்ட பிறகுதான் சுருங்கியது.

"பக்கத்துல இருக்கற அம்மா மேல பழி போட்டேன். அவங்க வீட்டுக் குழந்தைங்க அடி வாங்கியிருக்கு. அதுக்கு மன்னிப்புக் கேக்கவும் எனக்கு யோக்யதை இல்லை."

"ஆதாரம் இருக்கா உறுப்பினரே?" என்றார் சபாநாயகர்.

"என் ஓட்டுதான் ஆதாரம். இந்த சீட்டுக்கு வந்த நாள்லேருந்து நான் பேசினதுக்கெல்லாம் நேர்மாறா ஓட்டு விழுந்திருக்கு. ஒண்ணு விடாம. விலை போனவன்னு பேப்பர்ல போட்டிருக்கான். சரி. பாய்லர் வெடிச்சு எங்க மாமா செத்தார். விசாரணை கேட்டு நானே தீர்மானம் கொண்டுவந்தேன். நானே அதை எதிர்த்து ஓட்டுப் போட்டிருக்கேன். எப்படியும் தோத்துப்போற தீர்மானம், தலைவரே. அதுக்கு எவன் எனக்கு விலை குடுப்பான்?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

பாட்டுக்காரம்மா எழுந்தாள். ஃபிட்டரைப் பார்க்காமல், சபாநாயகரைப் பார்த்துப் பேசினாள். "நேத்து முடிவு வந்ததும் இவர் போர்டைப் பார்த்துட்டு, ஜெயிச்சிட்டோமான்னு என்னைக் கேட்டார். நக்கல்னு நினைச்சேன். இப்பத்தான் புரியுது. பார்க்க முடியாத மனுஷன் கேட்ட கேள்வி அது." உட்கார்ந்தாள். ஃபிட்டர் பக்கம் திரும்பவே இல்லை.

சபாநாயகர் செயலரோடு உள்ளே போனார். திரும்பி வந்தபோது ஒரு சின்னக் காகிதத்திலிருந்து படித்தார். பலகையின் அமைப்பு உறுப்பினரைத் தவறச் செய்தது என்பதை ஏற்கிறேன். ஆம் ஒன்று குறைகிறது, இல்லை ஒன்று கூடுகிறது. மசோதா தோற்றது.

மாடத்தில் ரேடியோ எழுந்து குதித்தான். காவலர் அவன் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

"மத்த ஓட்டெல்லாம்?" ஃபிட்டர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "பாய்லர் விசாரணை?"

"அதுக்கெல்லாம் காலம் கடந்துபோச்சு. நேத்து ஓட்டை மட்டும்தான் திருத்த முடியும். உட்காருங்க."

சபை கலைந்தது. வராந்தாவிலேயே கட்சிக் கடிதம் காத்திருந்தது, மனைவி படித்துக்காட்டினாள். உறுப்பினர் பதவியைத் தாமாகவே விட்டுவிட வேண்டும், உடனே. மசோதா அடுத்த கூட்டத்தொடரில் மறுபடி வரலாம். அப்போது எதிர்த்து ஓட்டுப் போட ஃபிட்டர் இருக்கமாட்டார்.

"கடைசியா ஒண்ணு கேக்கறேன்," என்றார் அவர். "படியில என்னைப் பிடிக்காதீங்க. நானே இறங்கறேன்."

கீழே ஆலைக் குடியிருப்பே திரண்டிருந்தது. செய்தி அதற்குள் வந்துவிட்டது. சிலர் கைதட்டினார்கள். "எல்லாம் நாடகம்," என்று சிலர் முணுமுணுத்தார்கள். ஃபிட்டர் கைப்பிடிச் சுவரைப் பற்றி ஒவ்வொரு படியாகக் காலால் துழாவி இறங்கினார்.

கடைசிப் படிக்கு எதிரே அவர் அக்கா நின்றிருந்தாள். வழியை மறித்து, கைகளைக் கட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல். நாடகமா இல்லையா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அண்ணி ஓரடி எடுத்துவைத்தவள் நின்றுவிட்டாள்.

ஃபிட்டர் இறங்கிவந்தார். முன்னால் ஏதோ நிழல் நிற்பது தெரிந்தது போலிருக்கிறது. நின்றார். அவள் முகம் அவர் முகத்துக்கு ஒரு முழ தூரம்கூட இல்லை.

"மன்னிச்சுக்கங்கம்மா," என்றார் மரியாதையாக. "கொஞ்சம் வழி விடறீங்களா?"

அவள் கைகள் தாமாக அவிழ்ந்தன. வழி விட்டாள். அவர் அவளைக் கடந்து நாலு தப்படி நடந்துபோனார்.

"டேய்," என்றாள் அவள். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.